ஸ்க்ரீன் ரெக்கார்டருக்கு என்ன சொல் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

> எல்லா இடத்துலயும் "திரைப்பிடிப்பு"ன்னே போட்டுடலாமே

ஐயா, வீட்டு கம்ப்யூட்டர் கையேட்டுல இந்தப் பகுதி என் பங்கு, அதனால கொஞ்சம் மல்லுக்கட்டறேன். திரையைப் பதிவு பண்ற ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்து பாருங்க, சோர்ஸ்ல டிஸ்ப்ளே கேப்சர், விண்டோ கேப்சர்னு இருக்கும், ஸ்டார்ட் ரெக்கார்டிங் பட்டன் தனியா இருக்கும். கேப்சர் சேர்த்ததுமே திரை உள்ள தெரிய ஆரம்பிச்சிடும், ஆனா ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணும் எழுதாது, ரெக்கார்டிங்கை அழுத்தினாத்தான் ஃபைல், அதை அழுத்தாம நேரா யூட்யூபுக்கு ஸ்ட்ரீம் பண்றவங்களும் உண்டு. ரெண்டுக்கும் ஒரே சொல் வச்சா ஒரு மணி நேரம் பாடம் நடத்திட்டு ஃபைல் எங்கேன்னு தேடுவாங்க. அதுவுமில்லாம திரைப்பிடிப்பு ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பழகிப்போன சொல்லு.

அதனால கேப்சர்னா பிடிப்பு, ரெக்கார்டிங்னா திரைப்பதிவு, மென்பொருள் திரைப்பதிவி. உலாவி, செயலி வரிசையில வந்துடும். பதிவர்னா ப்ளாக் எழுதறவர், பதிவாளர்னா சார்பதிவாளர் ஆபீஸ் ஞாபகம் வரும், அந்தப் பக்கமே வேணாம்.

இதுக்குக் காசு குடுத்து மென்பொருள் வாங்கணுமான்னா, கம்ப்யூட்டர்லயே இருக்கறதை முதல்ல சொல்லிடறேன். விண்டோஸ் 11ல ஸ்னிப்பிங் டூலே போதும். விண்டோஸ் 10னா கேம் பார், ஆனா அது டெஸ்க்டாப்பையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரையும் பிடிக்காது. லினக்ஸ்ல க்னோம் டெஸ்க்டாப்னா 42ஆம் பதிப்புலேர்ந்து பிரிண்ட் ஸ்க்ரீன்லயே பதிவு இருக்கு, சத்தம் மட்டும் வராது. இதெல்லாம் பத்தலைன்னா ஓபிஎஸ், இலவசம், ஜிபிஎல்ங்கற கட்டற்ற மென்பொருள் உரிமம். பாண்டிகாம்னு இன்னொரு மென்பொருள் இருக்கு, அது சும்மா கிடைக்கற பதிப்புல 10 நிமிஷத்துக்கு மேல போகாது, மேல அவங்க பேரும் ஒட்டிக்கிட்டு வரும், பாடம் எடுக்கறவங்களுக்கு அது ஆகாது.

இன்னொரு சொல்லும் வேணும், ரீமக்ஸ். நடுவுல கரண்ட் போனா சாதா எம்பி4 ஃபைல் திறக்கவே திறக்காது, எம்கேவிங்கற ஃபைல் வகைன்னா அதுவரைக்கும் பதிவானது தப்பிக்கும், அப்புறமா எம்பி4 ஆக்கிக்கலாம், அதுதான் ரீமக்ஸ். அப்ப படமும் சத்தமும் அப்படியே இருக்கு, வெளிக்கூடு மட்டும்தான் மாறுது. குறியாக்கம்னு (என்கோடிங்) போட்டா தப்பு. உறைமாற்றம்?

----

வணக்கம் தம்பி,

உறைமாற்றம் பிரமாதம், எடுத்துக்கலாம். பிடிப்பு, பதிவு பிரிச்சதும் சரிதான், ஒத்துக்கறேன். திரைப்பதிவிதான் இடிக்குது, எங்க வீட்ல படிச்சுக் காட்டினா "சினிமா ஷூட்டிங்கா"ன்னு கேக்கறாங்க. மெனுவுல "திரைப்பதிவு மென்பொருள்"னு நீட்டியே எழுதிட்டா என்ன கெட்டுடும்?

அப்புறம் ஸ்க்ரீன்காஸ்ட்டை விட்டுட்டீங்களே. பேசி விளக்கிக்கிட்டே எடுக்கறது வேற சங்கதி. அந்த இங்கிலீஷ் சொல்லே 2004ல ஜான் உடெல்ங்கற கம்ப்யூட்டர் பத்திரிகையாளர் தன் வாசகர்கள்கிட்ட பேர் கேட்டு வந்ததுதான், நம்மள மாதிரியே. திரைப்பாடம்?

----

ஐயா, திரைப்பாடம்னா அவசரத்துல திரைப்பாடல்னு படிப்பாங்க :-) திரைவிளக்கம்னு வைக்கறேன். மெனுவுல இடம் இருக்கற எடத்துல உங்க நீட்டல், பட்டன்ல மட்டும் திரைப்பதிவி. வேற யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, அன்னிக்கு ராத்திரி கையேட்டு ஃபைலை ஏத்திடுவேன்.