வெள்ளி ரோமானியக் காசு: எந்தப் பேரரசர் என்று அறிய உதவி தேவை

கொங்குநாடன்:
தாத்தாவின் பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் எடுத்ததாம். ஒரு பக்கம் இலைமாலை சூடிய தலையும் மறுபக்கம் ஓர் உருவமும் உள்ளன. இது யாருடைய காசு என்று அவசரமாகத் தெரிய வேண்டும்.

மணிமுத்து:
எடை எத்தனை கிராம்? விட்டம் எவ்வளவு? உருவம் நிற்கிறதா, அமர்ந்திருக்கிறதா? இரு பக்கங்களையும் படமெடுத்து இடுங்கள்.

ஆற்றுமணல்:
பேரரசர் அகஸ்டஸ் காசாகத்தான் இருக்கும். அவருடைய பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்கும் அந்த வகைதான் நம் பக்கம் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

பழங்காசு:
ஏராளமாகக் கிடைக்கிறது என்பதால் கையிலிருப்பதும் அதுவே என்று முடிவு கட்டுவது தொடக்கநிலையில் உள்ளவர்கள் செய்யும் பிழை. அந்த வகையில் இருவர் நிற்பார்கள். இவரோ ஓர் உருவம் என்கிறார். அது நாற்காலியில் அமர்ந்த பெண்ணாக இருந்து, கையில் செங்கோலும் கிளையும் தெரிந்தால், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசர் டைபீரியஸின் டெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) அது. சுற்றிலும் ‘பொன்டிஃப் மாக்ஸிம்’ (தலைமைக் குரு என்ற பட்டம்) என்ற லத்தீன் எழுத்துகளைத் தேடுங்கள்.

மணிமுத்து:
எடை கேட்டதற்குக் காரணம் உண்டு. கி.பி. 64 அளவில் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்கு முந்தைய காசு புதிதாக இருந்தபோது 3.9 கிராமை ஒட்டி இருக்கும். பிந்தையது ஏறத்தாழ 3.4 கிராம்.

கொங்குநாடன்:
பெண் அமர்ந்திருக்கிறாள். நகைக்கடைத் தராசில் 3.6 கிராம். எழுத்து தெரியட்டும் என்று குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் விபூதி போட்டுத் தேய்த்தேன்.

பழங்காசு:
இனித் தேய்க்காதீர்கள். மூக்கு நுனியும் எழுத்தின் விளிம்பும்தான் முதலில் போகும். அவைதான் காசை அடையாளம் காட்டுபவை.

ஆற்றுமணல்:
அந்தப் பெண் டைபீரியஸின் தாய் லிவியா.

பழங்காசு:
காசில் அவள் பெயர் இல்லை. அமைதித் தெய்வம் என்போரும் உண்டு.

ஆற்றுமணல்:
பெயர் இல்லாததாலேயே லிவியா இல்லை என்றாகிவிடுமா? மகன் ஆட்சியில் அவளுக்கிருந்த செல்வாக்கை வைத்துத்தான் சொல்கிறேன்.

மணிமுத்து:
அவள் யாராயினும் காசு டைபீரியஸுடையதே. வெள்ளி முலாம் பூசிய செம்புப் போலிகள் அந்தக் காலத்திலேயே புழங்கின. எனவே விளிம்பிலோ கீறலிலோ செம்பு நிறமோ பச்சைக் களிம்போ தெரிகிறதா என்று பாருங்கள்.

கொங்குநாடன்:
பின்பக்கத்தில் ‘மாக்ஸிம்’ தெரிகிறது. மிக்க நன்றி.

மணிமுத்து:
விளிம்பைப் பார்த்தீர்களா?