செல்லாமல் போன வாக்குகள்: 2024 நவம்பர் தேர்தல் கடமையில் நான் கண்டது

தேர்தல் கடமைக்குப் போனவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். யார் வென்றார், யார் கோட்டை சரிந்தது என்பதுதான் அதிகம். எனக்கு எழுத வேண்டியிருப்பது, வரிசையில் நின்று வாக்குப் போட்டும் கணக்கில் வராமல் போனவர்களைப் பற்றி.

நான் இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆசிரியை. எங்கள் வாக்கைத் தபாலில் போட்டுவிட்டு, முதல்நாளே பெட்டியோடும் பொலிஸோடும் பஸ்ஸில் போய், வாக்களிப்பு நிலையமான பாடசாலையிலேயே இரவு தங்கினோம். காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே வயதானவர்கள் வரிசையில் நின்றார்கள். என்னிடம் வந்த சிலருடைய நகத்தில் செப்டம்பரில் பூசிய மை இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்த மையில்தான் விஷயமே இருக்கிறது. செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். 23ஆம் திகதி அநுர குமார திசாநாயக்க பதவியேற்றார், அடுத்த நாளே பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் தெரிவான சபைக்கு இன்னும் பல மாதம் ஆயுள் இருந்தது. ஆனால் அதில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு இருந்தது மூன்றே மூன்று ஆசனம். அதை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நவம்பர் 14இல் பொதுத் தேர்தல். எட்டு வாரம் முடிவதற்குள் இரண்டாவது முறை சனம் சாவடிக்கு வந்தது.

இரண்டு தேர்தலுக்கும் வாக்களிக்கும் முறை வேறு. ஜனாதிபதித் தேர்தலில் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று விருப்பத்தை எழுதலாம். அந்தத் தடவை யாருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காததால், நாட்டின் வரலாற்றில் முதல்தடவையாக இரண்டாம் விருப்பமும் எண்ணப்பட்டது. வீட்டில், சந்தையில், ரிவியில் ஒன்று இரண்டு மூன்று என்பதே பேச்சு. அந்தச் சூடு ஆறுமுன்னே பாராளுமன்றத் தேர்தல் வந்து, இலக்கம் எழுதாதே, ஒரு கட்சிக்கு நேரே புள்ளடி (X) போடு, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடு என்கிறது. வேட்பாளர்களின் பெயர் சீட்டில் இருக்காது. அடியில் இலக்கங்கள் மட்டும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனம் என்பதால் ஒவ்வொரு கட்சிக்கும் ஒன்பது வேட்பாளர், ஆகவே 1 முதல் 9 வரை. அதற்கு மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக 44 வரிசை. வீடு, சைக்கிள், சங்கு, வீணை, ஊசி, திசைகாட்டி என்று சின்னங்கள் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

சீட்டைக் கையில் வாங்கிய ஒரு அம்மா நகரவில்லை.

"பிள்ளை, போன முறை மாதிரி ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு போடலாமோ?"

"இல்லை அம்மா. இந்த முறை ஒரு கட்சிக்குத்தான். அதுக்கு நேரே ஒரு புள்ளடி. விருப்பமெண்டால் கீழே இலக்கத்துக்கு மேலே புள்ளடி போடலாம், மூண்டுக்கு மேலே வேண்டாம்."

"அப்ப ரெண்டாவதா விருப்பமான கட்சிக்கு?"

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. எட்டு வாரத்துக்கு முன்னர் இதே நாட்டில் அதற்கு இடமிருந்தது. அங்கே இருந்த கட்சி முகவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பவும் விளங்கப்படுத்தினேன். தலையாட்டிவிட்டு மறைப்புக்குள் போனார். உள்ளே என்ன செய்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும், தெரியவும் கூடாது.

இதே கேள்வி அன்று முழுக்க வந்துகொண்டிருந்தது. ஒரு ஐயா மிகவும் தெளிவாக, கட்சி தேவையில்லை, தனக்கு வேண்டிய ஆளின் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும்தானே என்றார். அப்படிச் செய்தால் வாக்கு செல்லாது. அந்த இலக்கம் 44 குழுவிலும் ஒருவருக்கு இருக்கும், எந்தக் கட்சியின் ஆள் என்று எப்படித் தெரியும்? இதைச் சொன்னதும் அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. காரணத்தைச் சொன்னால் சனம் பிடித்துக்கொள்கிறது. "இப்படித்தான் போட வேண்டும்" என்று கட்டளையாகச் சொன்னால் மறந்துவிடுகிறது. வகுப்பிலும் அப்படித்தான்.

கேட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்க வெட்கப்பட்டு நேரே உள்ளே போனவர்கள்தான் மனதை உறுத்துகிறார்கள். பின்னால் ஆட்கள் நிற்கும்போது, "எனக்குத் தெரியாது" என்று சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்? அதுவும் சில பொம்பிளையள் கணவனோ மகனோ சொல்லிக்கொடுத்த இலக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தி, பெட்டிக்கு முத்திரை வைத்து, வாக்கு எண்ணும் நிலையமான மத்திய கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எண்ணும் கடமையில் இருந்த என் தோழி அடுத்த நாள் பேசினாள். மூன்று கட்சிகளுக்கு நேரே 1, 2, 3 என்று அழகாக எழுதிய சீட்டுகள் வந்தனவாம். வேண்டுமென்றே கிறுக்கியவையும் இருந்தன, அது அவரவர் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிதானமாக, கோணலில்லாமல் இலக்கம் எழுதியவர் தன் வாக்கை வீணாக்க நினைத்தவர் இல்லை. தான் சரியாகப் போட்டதாக நம்பித்தான் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

முடிவு தெரிந்ததுதான். நாடு முழுக்க 225இல் 159 ஆசனம் தேசிய மக்கள் சக்திக்கு. யாழ்ப்பாணத்திலும் 80,830 வாக்கோடு முதலிடம், மூன்று ஆசனம். எல்லோரும் அதையே பேசினார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு வரி. எங்கள் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32 ஆயிரத்துக்கும் மேல், அதாவது போட்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருடையது. சைக்கிள் சின்னத்துக்கு ஒரு ஆசனம் கிடைத்தது ஏறக்குறைய 28 ஆயிரம் வாக்கில், ஊசிச் சின்னத்துக்கும் அப்படித்தான். ஒரு ஆசனத்துக்குப் போதுமான வாக்கைவிட அதிகம் குப்பையாகப் போயிருக்கிறது. போரும் இடப்பெயர்வும் பார்த்து, அடையாள அட்டையைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிப் பாதுகாத்துக்கொண்டு வாக்குப் போட வரும் சனம் இது. அவர்களுடைய வாக்கு ஒரு புள்ளடியால் தவறிப்போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திடீர்த் தேர்தல் என்றால் கட்சிகளுக்கு நேரமில்லை, நோட்டீஸ் அடிக்க நேரமில்லை என்றுதான் சொல்வார்கள். பழைய முறையை மறந்து புதியதைப் பழக வாக்காளருக்கும் நேரம் வேண்டும். பத்திரிகையில் விளம்பரம் போட்டால் போதாது, பத்திரிகை வாசிக்கிறவருக்கு அது முன்பே தெரியும்.

வடக்கில் மாகாண சபைத் தேர்தல் கடைசியாக நடந்தது 2013இல். அது எப்போது அறிவிக்கப்பட்டாலும் விருப்பு வாக்குக் குழப்பம் திரும்பவும் வரலாம். ஆகவே ஊருக்கு ஊர் சனசமூக நிலையத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். மா, பலா, வாழை என்று படம் போட்ட மாதிரிச் சீட்டை நீங்களே கீறலாம், அசல் கட்சிச் சின்னம் வேண்டாம். வந்தவர் கையில் பென்சிலைக் கொடுத்து அவரையே போட விடுங்கள். பிழைத்தால் ஏன் பிழை என்று சொல்லிவிட்டு இன்னொரு சீட்டைக் கொடுங்கள். எங்கள் பக்கம் செய்கிறவர்கள் சொன்னால் நானும் வருகிறேன்.