புதுப்பிப்பு: பெரியப்பாவின் போர் நினைவுகள்

1965, 1971 ஆகிய இரு இந்திய-பாகிஸ்தான் போர்களிலும் பணியாற்றிய என் பெரியப்பாவின் நினைவுகளை எப்படிப் பதிவு செய்வது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கேள்விகளை அடுக்காமல் பழைய பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துப் பேசவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. பெரம்பூர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் கிடந்த, ஓரம் செல்லரித்த சம்பளப் புத்தகத்தைத் தடவியபடி அவர் இரண்டு மணி நேரம் பேசினார். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த 1971 டிசம்பர் 16 பற்றி இரண்டே வாக்கியங்கள்தான். ஊருக்குத் திரும்பாத தோழருக்காகத் தாம் எழுதிக்கொடுத்த கடிதங்களைப் பற்றித்தான் மீதியெல்லாம். வெற்றித் தேதிகள் புத்தகங்களில் இருக்கின்றன, இந்தக் கடிதங்கள் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன என்பதால் பதிவைக் கொஞ்சமும் வெட்டாமல் மூன்று இடங்களில் சேமித்திருக்கிறேன். அடுத்து, 1987இல் அமைதிப்படையில் இலங்கை சென்ற எதிர்வீட்டு ஐயாவிடம் பேசச் சம்மதம் வாங்கிவிட்டேன்.