பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

கம்பியும் கலவையும்

மூன்று வருடம் ஆகிவிட்டது, அந்தச் சால்வை இன்னும் பீரோவில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு. பொருளாளர் வரவு செலவை வாசிக்கவில்லை. "நாலாம் பக்கத்துல இருக்கு, பார்த்துக்குங்க" என்றார். பார்த்தேன். 'இதர செலவு' ரூ.1,84,300. மொத்தச் செலவே ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். எழுந்து, "இதரன்னா என்ன சார்?" என்று கேட்டேன். மூன்றே வார்த்தை.

செயலாளர் மைக்கை வாங்கி, "நம்ம இளம் உறுப்பினர் எவ்வளவு அக்கறையா படிச்சிருக்கார் பாருங்க! தம்பி, மேடைக்கு வாங்க" என்றார். போனேன். போயிருக்கக் கூடாது. தலைவர் சால்வை போர்த்தினார், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் படியிறங்கும்போது பின்னால் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது. மண்டபம் பந்திக்கு எழுந்துவிட்டது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு வேலையாகச் சங்க அலுவலகம் போனபோது, கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட்ஸ் புத்தகம் மேஜையில் திறந்து கிடந்தது. 'வரவு செலவு அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. வழிமொழிந்தவர்:' அதற்குப் பக்கத்தில் என் பெயர். இனிஷியல் உட்பட.

கறுப்பு கவுன்

உங்களுக்குச் சால்வையாவது கிடைத்தது.

எங்கள் பாரில், அதாவது வழக்கறிஞர் சங்கத்தில், பெண்கள் அறைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். அவசரமாக வழக்கைக் கூப்பிட்டால் காவல் போய்விடும், புரிந்துகொள்ளுங்கள். 23 பேர் கையெழுத்துப் போட்டு மனு எழுதினோம். செயலாளரைக் கேண்டீனில்தான் பிடிக்க முடிந்தது. போண்டாவைக் கீழே வைத்துவிட்டு மனுவை வாங்கினார். விஷயத்தைப் படிக்கவில்லை, நேராகக் கையெழுத்துகளுக்குப் போனார். பேனாவை எடுத்து ஒவ்வொரு பெயராகப் புள்ளி வைத்துக்கொண்டே வந்து, "இதுல நம்ம பாருக்கு ஓட்டுன்னு பார்த்தா ஒன்பதுதாம்மா வருது" என்றார்.

வழக்கறிஞர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எத்தனை சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் ஓட்டு ஒரு சங்கத்தில்தான். 'ஒரு பார், ஒரு ஓட்டு' என்பார்கள். 2011இல் உச்ச நீதிமன்றமே அதைச் சரி என்றது. அந்த விதி மேல் எனக்குக் கோபம் இல்லை, தேர்தல் அன்று மட்டும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைத் தடுக்க அது தேவை. ஆனால் தாழ்ப்பாளுக்கும் அதுதான் கணக்கு என்று அன்றுதான் தெரிந்தது. மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போண்டாவைச் சட்னியில் தோய்த்தார்.

நாங்களே காசு போட்டுத் தாழ்ப்பாள் வாங்கி மாட்டினோம். 2024 மே மாதம், உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று தீர்ப்பு வந்ததே, அன்று எங்கள் குரூப்பில் முதல் வாழ்த்து, பூங்கொத்துப் படத்தோடு, இதே மனிதரிடமிருந்து.

பழைய கணக்கர்

கம்பித் தம்பி, மேடைக்குப் போனது உங்கள் தப்பு. கேள்வி கேட்டவர் உட்கார்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. ஒரு தடவை கேட்டேன், பதில் சொன்னார்கள். முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்ததால் சொன்னார்கள். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், கேள்வியைப் பொதுக்குழுவுக்கு முன்பே ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அப்புறம் சட்டத்தைப் படியுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். வருடா வருடம் கணக்கும் அங்கே போக வேண்டும். போயிருக்கிறதா என்று பாருங்கள், பல சங்கங்களில் நாலைந்து வருடம் நிலுவையில் கிடக்கும். அப்புறம் பிரிவு 36. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மனுக் கொடுத்தால் பதிவாளர் விசாரிக்கலாம். 600 பேர் என்றால் 200 கையெழுத்து. தேர்தலே செல்லாது என்று சண்டையென்றால் அவரிடம் போய்ப் பிரயோஜனமில்லை, சிவில் கோர்ட்தான். எதற்கும் சங்கத்துக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டு வையுங்கள். சங்கத்தின் விதிப் புத்தகம், அதுதான் பைலா, அதன் நகல் கையில் இருக்கட்டும். பக்கத்தில் சாட்சிக்கு இரண்டு பேரை உட்கார வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு ஏற்கப்படும்வரை சாப்பாட்டு டோக்கன் கொடுக்கக் கூடாது என்று முதல் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

கறுப்பு கவுன்

ஐயா, ஆர்டிஐ மட்டும் தவறு. தனியார் சங்கம் அந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாக வராது. அரசின் கட்டுப்பாடோ கணிசமான நிதியோ இருந்தால் வேறு. கேரளக் கூட்டுறவுச் சங்க வழக்கில் 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் பதிவாளரிடம் தாக்கல் செய்த காகிதங்களைப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள், அது கிடைக்கும். 200 கையெழுத்து வேறு கேட்கிறீர்கள். எனக்கு 23க்கே மூன்று வாரம் ஆனது.

சாவிக்கொத்து

நான் இரண்டு முறை பொருளாளராக இருந்தவன். எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

'இதர செலவு' என்றால் உடனே திருட்டா? இறந்துபோன உறுப்பினருக்கு மாலை, கலெக்டரைப் பார்க்கப் போன வேன் வாடகை, பில் தராத டீக்கடை, கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய சால்வைகள் (ஆமாம், அதுவும் இதரதான்). ஒவ்வொன்றாக எழுதச் சோம்பல். அதற்காக என்னை நாலு திட்டுத் திட்டலாம், ஆனால் திருடன் என்று சொல்லக் கூடாது.

எங்கள் பைலாவில் கோரம், அதாவது கூட்டம் நடத்தக் குறைந்தது இருக்க வேண்டியவர்கள், 60 பேர். பத்தரைக்கு எண்ணினால் 31. அரை மணி ஒத்திவைத்து, அதே 31 பேரோடு நடத்தலாம் என்று பைலாவே சொல்கிறது, நடத்தினோம். ஒரு மணிக்குப் பந்தியில் எண்ணிப் பார்த்தேன், 190 இலை.

ஒரு காட்சி மட்டும் போக மாட்டேன் என்கிறது. நான் பொறுப்பை ஒப்படைத்த வருடம், எல்லா பில்லையும் ஒரு ரெக்ஸின் பையில் போட்டுக் கொண்டுபோய், "யார் வேணும்னாலும் பிரிச்சுப் பாருங்க" என்று மேடையில் வைத்தேன். யாரும் வரவில்லை. சரி, சாப்பிடும்போதாவது பார்ப்பார்கள் என்று பந்தி நடந்த இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். ஆறு மாதமாகக் குரூப்பில் என்னைத் திருடன் என்று எழுதிய ஆள் அதன் எதிரில் வந்து உட்கார்ந்தார். பையைக் கையால் எடுத்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இலை போட இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "ரசம் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார்.

ஒன்று இரண்டு மூன்று

நான் சிஏ, பட்டயக் கணக்காளர். எங்கள் அமைப்பின் மத்தியக் கவுன்சிலில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் 32 பேர் வரை, அரசு நியமிப்பது 8 பேர் வரை. டிக் அடிக்கக் கூடாது, 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வாரம் போனை அணைத்துத்தான் வைக்க வேண்டும். "முதல் ஓட்டு வேற யாருக்காச்சும் போட்டாச்சுன்னா, ரெண்டாவதாவது குடுங்க சார்." முதலாமவர் தோற்று வெளியேறினாலோ, தேவைக்கு மேல் வாங்கி மிச்சம் இருந்தாலோதான் அந்த இரண்டுக்கு உயிர் வரும். அப்பாவும் சிஏதான். ஒரு தடவை சாவடியிலிருந்து சந்தோஷமாக வெளியே வந்து, "நம்ம பையனுக்குப் பெருசா ஒரு டிக் போட்டேன்டா" என்றார். காரில் வீடு வரைக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

சாவிக்கொத்து சார், பில் இல்லாவிட்டாலும் ஒரு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே? டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட மாட்டாரா?

சாவிக்கொத்து

நீங்கள் வந்து வாங்கிக் கொடுங்கள். பதவி காலியாகத்தான் இருக்கிறது.

கம்பியும் கலவையும்

எல்லாருக்கும் நன்றி. நேற்று செயலாளரை நேரில் பார்த்து, மினிட்ஸில் என் பெயரை எடுக்கச் சொன்னேன். "புத்தகம் வீட்ல இருக்கு தம்பி" என்றார். கொண்டுவாருங்கள், நானே அடித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். காபி வரவழைத்தார். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துவிட்டு, "இணைச் செயலாளருக்கு உங்க பேரைத்தான் பேசிட்டிருக்கோம். மினிட்ஸ் எழுதுறது இனி உங்க பொறுப்பு, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி எழுதிக்குங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வீட்டில் சொன்னேன். இன்னொரு சால்வையா என்று கேட்டாள்.