டெப் கோப்பைப் பிரிக்க முடியவில்லை, "தெரியாத சுருக்க முறை" என்கிறது (டெபியன் 11)

பொன்வண்டு:

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் டெபியன் 11 போட்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது. புத்தக இரவல் கணக்கு இதுவரை நோட்டில்தான். நண்பர் ஒருவர் அதற்காக ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி, தன்னுடைய உபுண்டு 22.04 மடிக்கணினியில் டெப் கோப்பாக (டெபியன், உபுண்டுவில் நிரலை நிறுவ உதவும் பொட்டலம்) கட்டி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

இங்கே அதை நிர்வாகி அதிகாரத்தோடு (சூடோ) நிறுவும் "சூடோ டிபிகேஜி -ஐ" கட்டளையைக் கொடுத்தால் உடனே நின்றுவிடுகிறது. 'கன்ட்ரோல்.டார்.இசட்எஸ்டி' என்ற பகுதியில் தெரியாத சுருக்க முறை இருக்கிறது, கைவிடுகிறேன் என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று இரண்டு முறை நகலெடுத்துப் பார்த்தேன். அதே பிழைதான். நண்பர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் கணினிப் பக்கம் வருவார். சனிக்கிழமை பிள்ளைகள் புத்தகம் எடுக்க வருவார்கள். அதற்குள் ஏதாவது வழி உண்டா?

கருவிப்பெட்டி:

கோப்பு கெடவில்லை, பயப்படாதீர்கள். உபுண்டு 21.10-லிருந்து டெப் கோப்புகளை இசட்எஸ்டிடி முறையில் சுருக்குகிறார்கள். டெபியனின் டிபிகேஜிக்கு அது 1.21.18 பதிப்பில்தான் வந்தது. 2023-ல் வெளியான டெபியன் 12-ல் இருக்கும், உங்கள் 11-ல் இருப்பது 1.20. அதற்கு இந்த முறை தெரியாது, அவ்வளவுதான்.

நண்பர் கையில் கணினி இருந்தால் ஒரே வரி வேலை: "டிபிகேஜி-டெப் -இசட்எக்ஸ்இசட் -பி" என்று, அதாவது பெரிய இசட், அதை ஒட்டி எக்ஸ்இசட் (உங்கள் டிபிகேஜிக்குத் தெரிந்த சுருக்க முறை), என மறுபடி கட்டச் சொல்லலாம். திங்கள் வரை காத்திருக்க முடியாது என்பதால் நீங்களே மாற்றிக் கட்டுங்கள்.

டெப் என்பது ஏஆர் என்ற பழைய வகைப் பொட்டலம். உள்ளே மூன்றே கோப்புகள். முதலில் டெபியன்-பைனரி. திறந்து பார்த்தால் 2.0 என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அடுத்து கன்ட்ரோல், அதில் பேக்கேஜின் பெயர், பதிப்பு, எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்ற விவரம், நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள். கடைசியாக டேட்டா, உண்மையான கோப்புகள் எல்லாம் இதில்தான். உங்கள் டிபிகேஜிக்குப் பிடிக்காதது பின்னால் உள்ள இரண்டின் சுருக்கம் மட்டுமே.

முதலில் ஆப்ட் (இணையத்திலிருந்து பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) மூலம் பைன்யூட்டில்ஸ், இசட்எஸ்டிடி இரண்டையும் நிறுவுங்கள். வீட்டு அடைவுக்குள் ஒரு காலி அடைவு உண்டாக்கி, அதில் நின்றுகொண்டு "ஏஆர் எக்ஸ்" என்று போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். மூன்றும் வெளியே வரும். இரண்டு டார் கோப்புகளையும் "அன்இசட்எஸ்டிடி" கொண்டு விரித்து, "எக்ஸ்இசட்" கொண்டு மறுபடி சுருக்குங்கள். பிறகு "ஏஆர் ஆர்சி புதியது.டெப்" என்று எழுதி, அதன்பின் டெபியன்-பைனரி, கன்ட்ரோல், டேட்டா என்று இதே வரிசையில் பெயர்களைக் கொடுங்கள். வரிசை மாறினால் டிபிகேஜி இதை டெப் என்றே ஏற்காது.

நிறுவும் முன் எங்காவது பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். "டிபிகேஜி -எக்ஸ்", சிறிய எக்ஸ்.

பொன்வண்டு:

அண்ணா, பிரித்தது, மாற்றியது, கட்டியது எல்லாம் சரியாக வந்தது! "டிபிகேஜி -எக்ஸ்" போட்டும் பார்த்தேன், கோப்புகள் இருந்தன. ஆனால் இப்போது புதுச் சிக்கல். "டிபிகேஜி -ஐ" கொடுத்தால் பைத்தான்3-டிகே (நிரலின் சாளரத்துக்குத் தேவையான பேக்கேஜ்) இல்லை, அமைக்காமல் விடுகிறேன் என்கிறது. "டிபிகேஜி -எல்" பட்டியலில் பேக்கேஜின் பெயருக்கு முன்னால் சிறிய ஐ, பெரிய யூ என்று நிற்கிறது.

சரி, அந்த பைத்தான்3-டிகே-வை எடுக்கலாம் என்று "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுத்தேன். /டிஎம்பி-க்குள் தற்காலிகக் கோப்பை உண்டாக்க முடியவில்லை என்கிறது, களஞ்சியங்கள் கையொப்பமிடப்படவில்லை என்றும் பிழை. நேற்று இரவு இதே ஆப்ட்தான் பைன்யூட்டில்ஸை ஒழுங்காக இறக்கித் தந்தது. ஒருவேளை நான் மாற்றிக் கட்டிய கோப்பு ஏதாவது செய்துவிட்டதா?

தெற்குக்காற்று:

ஐயூ என்றால் பேக்கேஜ் பிரிக்கப்பட்டுவிட்டது, இன்னும் அமைக்கப்படவில்லை என்று பொருள். அது பாதி வழியில் நிற்கிறது, உடையவில்லை. "டிபிகேஜி -ஐ" ஒரே வேலை போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு படி. முதல் படியில் கோப்புகளைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கும். அப்போது ஒவ்வொன்றையும் '.டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு எழுதிவிட்டு, அப்புறம்தான் பெயரை மாற்றும். பாதியில் மின்சாரம் போனால் பழைய கோப்பு அரைகுறையாகப் போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி. இரண்டாம் படிதான் அமைப்பு. தேவையான வேறு பேக்கேஜ் இல்லையென்றால் இந்தப் படிக்குப் போகாது. பைத்தான்3-டிகே வந்ததும் தானாக முடிந்துவிடும்.

ஆப்ட் பிழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கணினியில் இடம் தீர்ந்துவிட்டதா பாருங்கள், "டிஎஃப் -எச்".

பொன்வண்டு:

12 ஜிபி காலியாக இருக்கிறது.

முனையம்:

இடப் பிரச்சினை இல்லை. நேற்று ஆப்ட் ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் நடுவில் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். தங்கச்சி, இரண்டு கேள்வி. "டிபிகேஜி -எக்ஸ்" போட்டபோது எந்த அடைவைக் கொடுத்தீர்கள்? முன்னால் சூடோ போட்டீர்களா? அப்புறம் "எல்எஸ் -எல்டி /டிஎம்பி" கொடுத்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

பொன்வண்டு:

/டிஎம்பி-யைத்தான் கொடுத்தேன், சூடோவோடு. தற்காலிகமாகப் பார்க்கத்தானே, அங்கே குப்பை சேர்ந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன கட்டளைக்கு அனுமதி எழுத்துகள் வரிசையாக வருகின்றன, கடைசி எழுத்து எக்ஸ். உரிமையாளர் ரூட் (நிர்வாகி).

முனையம்:

அதுதான் காரணம். நல்ல நிலையில் உள்ள /டிஎம்பி-யில் கடைசி எழுத்து 'டி' ஆக இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் உள்ளே எழுதலாம், ஆனால் அடுத்தவர் கோப்பை அழிக்க முடியாது என்பதற்கான குறி அது. எண்ணில் சொன்னால் 1777. உங்களுடையது 755 ஆகியிருக்கிறது.

டேட்டா பொட்டலத்தின் முதல் வரியே வெறும் புள்ளி. "இந்த அடைவு" என்று அதற்குப் பொருள், அதற்கும் 755 என்ற அனுமதி எழுதியிருக்கும். "டிபிகேஜி -எக்ஸ்" நீங்கள் கொடுத்த அடைவையே அந்தப் புள்ளியாக எடுத்துக்கொண்டு அதன் அனுமதியையும் மாற்றிவிடும். கையேட்டுப் பக்கத்திலும் இது எழுதியிருக்கிறது. சூடோ இல்லாமல் செய்திருந்தால் /டிஎம்பி-யின் அனுமதியை மாற்ற அதற்கு அதிகாரமே இருந்திருக்காது.

ஆப்ட் ஏன் சிக்கியது என்றால், கையொப்பம் சரிபார்க்கும் வேலையை அது ரூட்டாகச் செய்யாது, '_ஆப்ட்' என்ற தனிப் பயனராக இறங்கிச் செய்யும். அந்தப் பயனரால் இப்போது /டிஎம்பி-க்குள் எழுத முடியவில்லை. சரிபார்க்க முடியாததால் கையொப்பமே இல்லை என்று சொல்கிறது.

"சூடோ சிஎச்மாட் 1777 /டிஎம்பி" கொடுங்கள். பிறகு "ஆப்ட் அப்டேட்", அதன்பின் "ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்". இந்தக் கடைசிக் கட்டளை பைத்தான்3-டிகே-வையும் எடுத்து, பாதியில் நின்றதையும் அமைத்து முடிக்கும்.

கருவிப்பெட்டி:

என் தவறு இது. "எங்காவது" என்று எழுதியிருக்கக் கூடாது, மன்னிக்கவும். பெயர்ப் பட்டியல் மட்டும் போதுமென்றால் "டிபிகேஜி -சி" போதும், எதையும் எழுதாது. "டிபிகேஜி -ஐ"-யில் ஐ பெரிய எழுத்தாக இருந்தால் நிறுவாது, விவரத்தை மட்டும் காட்டும். பைத்தான்3-டிகே தேவை என்பதையும் அதிலேயே முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் சூடோ இல்லாமல், புதிதாக உண்டாக்கிய காலி அடைவில் மட்டும்.

இன்னொன்று. இதே "-எக்ஸ்" கட்டளையைச் சாய்கோட்டில், அதாவது மூல அடைவில், ஓட்டி "நிறுவிவிட்டேன்" என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்புகள் வந்து உட்காரும், ஆனால் டிபிகேஜியின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது, அமைப்பு ஸ்கிரிப்டும் ஓடாது. பின்னால் நீக்கவும் வழி இருக்காது.

பொன்வண்டு:

வேலை செய்கிறது! சிஎச்மாட் கொடுத்ததும் அப்டேட் சத்தமில்லாமல் ஓடியது. பட்டியலில் இப்போது இரண்டும் சிறிய ஐ. சாளரம் திறந்து "உறுப்பினர் எண்" என்று தமிழில் கேட்டதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை காலை முதல் இரவலை இதில்தான் பதியப் போகிறேன். நண்பரிடமும் எக்ஸ்இசட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ஒரு சின்ன சந்தேகம்: /டிஎம்பி-க்குள் 'யூஎஸ்ஆர்' என்ற அடைவு கிடக்கிறதே, சூடோவோடு அதை அழித்துவிடலாமா?

முனையம்:

கையால் அழிக்க வேண்டாம் தங்கச்சி. கட்டளையில் /டிஎம்பி என்ற பகுதி விடுபட்டுப்போனால் மீதி நிற்பது கணினியின் உண்மையான /யூஎஸ்ஆர். டெபியன் 11 ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் /டிஎம்பி-யைத் தானே காலி செய்யும். இன்று இரவு கணினியை அணைத்துவிட்டு நாளை காலை போடுங்கள், போயிருக்கும்.