1904 மெக்லென்பர்க்-ஷ்வெரின் திருமண 5 மார்க்: விளிம்பில் எழுத்தே இல்லை

மெக்லென்பர்க்-ஷ்வெரின் என்ற ஜெர்மன் சிற்றரசை ஆண்ட நாலாம் ஃப்ரீட்ரிக் ஃப்ரான்ஸ், அலெக்ஸாண்ட்ரா திருமணத்துக்காக பெர்லினில் அச்சடித்த வெள்ளி நாணயம். தம்பதி இருவரும் அடுத்தடுத்து பக்கவாட்டு முகமாக இருப்பார்கள். போன மாதம் ஷ்வெரினில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். 'மாதிரி நாணயம்', அதாவது நாணயச்சாலையில் சோதனைக்காக அச்சடித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள்.

வழக்கமான 5 மார்க்கின் விளிம்பில் 'காட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்று பொறித்திருக்கும். இதில் சுத்தமாக மழமழவென்று இருக்கிறது. மாதிரி அச்சைக் குறிக்கும் 'ப்ரோபெ' என்ற ஜெர்மன் சொல்லும் எங்கும் இல்லை.

எடை 27.6 கிராம், இருக்க வேண்டியது 27.78. விட்டம் 38 மி.மீ., அது சரியாகவே இருக்கிறது. காந்தம் ஒட்டவில்லை. நகைக்கடையில் உரைத்துப் பார்த்து வெள்ளிதான் என்றார்கள். ஏல விற்பனைப் படங்களோடு ஒப்பிட்டேன். அலெக்ஸாண்ட்ராவின் கூந்தல் இழை வரை ஒத்துப்போகிறது. நகையில் பதிக்க விளிம்பை அராவியிருப்பார்களோ என்றும் பார்த்தேன். அராவியிருந்தால் விட்டம் குறைந்திருக்க வேண்டுமே! லென்ஸில் அரத்தின் கீறலும் இல்லை, வார்ப்பில் வரும் ஒட்டுக்கோடும் இல்லை. வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பினேன், நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுவிட்டார். திருப்பிக் கொடுக்க இந்த வாரக் கடைசி வரைதான் அவகாசம்.

விளிம்பு எழுத்தில்லாத இந்த 5 மார்க், உண்மையான மாதிரி அச்சா, பிற்காலப் போலியா என்பதை எதை வைத்து உறுதி செய்வது?