ஓமாரா போர்த்துவோந்தோவின் முதல் ஆல்பம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. கியூபப் பாடகி ஓமாராவை நம்மில் பலருக்கு 1997இல் வந்த புவெனா விஸ்டா சோஷியல் கிளப் ஆல்பம் வழியாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அவருடைய முதல் தனி ஆல்பம் 'மாஜியா நெக்ரா' 1959லேயே வந்துவிட்டது! ஹவானாவின் டிராபிகானா இரவு விடுதியில் நடனமாடியவர், 1952இல் தொடங்கிய குவார்த்தேத்தோ தாய்தா என்ற பெண்கள் நால்வர் குழுவில் சகோதரி ஹைதேவோடு பாடியவர். அந்தக் குழுவில் இருந்தபோதே வந்த ஆல்பம் இது. கியூப இசையும் அமெரிக்க ஜாஸும் கலந்தது. டியூக் எலிங்டன் குழு புகழ்பெறச் செய்த 'கேரவன்' கூட இதில் உண்டு.

என்னிடம் இருப்பது எங்கிருந்தோ கைமாறி வந்த எம்பி3. டிரம்பெட்டுகள் ஏறும்போதெல்லாம் குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது. ஒரு பாட்டின் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான்.

யாரிடமாவது அசல் இசைத்தட்டு இருந்தால் பின்னட்டையைப் படம் எடுத்துப் போட முடியுமா? வாசித்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும். நல்ல மறுபதிப்பு சிடி எதை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். அப்புறம், ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இருந்தால், இரண்டு பாடல்களுக்கு நான் செய்து வைத்திருக்கும் தமிழாக்கத்தைக் கொஞ்சம் சரிபார்த்துத் தர முடியுமா?